பெரியப்பா தலைக்கு மேல் இரண்டு சுற்று

பெற்ற தகப்பனை நாம் ஓட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. நானாகப் போட்டுக்கொண்ட சட்டம். எங்கள் தொழிலில் சட்டங்கள் எல்லாம் யாராவது ஒருவர் பட்ட பிறகுதான் எழுதப்படும். இதில் பட்டது நான்.

அப்போது நான் துணை விமானி. இடப்பக்கம் கேப்டன் உட்காருவார், வலப்பக்கம் நான். தோள்பட்டையில் மூன்று கோடு விழுந்த புதிது. (அணிலுக்கும் முதுகில் மூன்று கோடுதான். ஆனால் அது என் அளவுக்கு அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.) சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு பால் வாங்கக்கூடப் போவேன். கிட்வாய் நகர் பால் பூத்துக்காரர் என்னை ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அதை நான் திருத்திய வேகத்தைப் பார்த்து வரிசையில் நின்ற ஒரு அம்மாள் சிரித்தே விட்டாள்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் அதே கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில்தான். அப்பா மத்திய அரசு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். டெல்லிக்கு வந்து முடி நரைத்தும் அப்பாவின் வாயிலிருந்து திருநெல்வேலி போகவில்லை. காய்கறி வண்டிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசும்போதுகூட அந்த ராகம் இருக்கும். என்னை மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் என் மானத்தைத் தமிழில் வாங்கிக்கொள்ள முடிகிறது.

அப்பாவுக்கு ஒரே ஒரு அண்ணன். இளவயதிலேயே அந்தமானுக்குத் துறைமுக வேலைக்குப் போனவர், போர்ட் பிளேரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். (ஊர்ப் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) நான் விமானப் பயிற்சியில் சேர்ந்தபோது பெரியப்பா போன் செய்தார். வாழ்த்தத்தான் செய்கிறார் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"எலே, பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டர் பழக்கிக் குடுக்கவே நாலு தடவ யோசிக்கணும். நீ ப்ளேன் ஓட்ட அனுப்புதியாம். ஒனக்கு மூள கீள கெட்டுப் போச்சா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் புள்ள ஓட்டுத ப்ளேன்ல ஏறி, ஓன் வீட்டு வாசல்ல வந்து எறங்குதேன் பாரு. அதுவரைக்கும் ஓன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று போனை வைத்தார்.

அவ்வளவுதான். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. பெரியப்பா வீட்டு நல்லது கெட்டது எங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் போனில் ஓடும். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அந்தப் பக்கம் பெரியப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம். இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சில் வார்த்தது. வருஷங்கள் ஓடிப்போயின. இடையில் பெரியம்மா காலமானபோதுகூட அப்பா அம்மாவை மட்டும்தான் அனுப்பினார்.

அந்த வருஷம் ஜூலையில் பெரியப்பாவின் மகள் செல்வி போன் செய்தாள். அங்கே பள்ளிக்கூட டீச்சர் அவள். அப்பாதான் எடுத்தார்.

"சித்தப்பா, அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா உங்களத்தான் கேக்காவ."

அப்பா போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பாத்திரம் எதுவும் அடியில் இல்லை. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் டெல்லியிலிருந்து அந்தமானுக்கு இரண்டு விமானங்கள் இருந்தன. விடிகாலையில் ஒன்று, சில மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதில் துணை விமானியாக என் பெயர் போட்டிருந்தது. அம்மா, "முதல் ப்ளேன்லயே போயிருங்க" என்றாள். அப்பா கேட்கவில்லை.

"வாசல்ல வந்து எறங்குதேன்னு சொன்னேம்லா? எம் புள்ள ப்ளேன்லதான் போவேன். நான் போய் நிக்கணும், இவ யூனிபாரத்தோட என் பக்கத்துல நிக்கணும். அவன் பாக்கணும். பாத்துட்டு அவனே பேசட்டும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மழைக்காலத்தில் அந்தத் தீவில் பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பது எனக்குப் பாடம். முதல் விமானத்தில் போங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா 'எம் புள்ள ப்ளேன்' என்று சொன்னதும் நான் அப்படியே உருகிவிட்டேன். "ரெண்டுக்கும் சில மணி நேரந்தானம்மா வித்தியாசம், நான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஏதோ வங்காள விரிகுடாக் காற்று என் கைப்பைக்குள் இருப்பதுபோல.

அப்பா கிளம்பிய அழகைச் சொல்ல வேண்டும். டெல்லி ஜூலைப் புழுக்கத்தில், ஓய்வு பெற்ற அன்று விழாவுக்குத் தைத்த கோட்டு. கையில் சரோஜினி நகரில் பேரம் பேசி அண்ணனுக்கு வாங்கிய இரண்டு சட்டை. நான் விமானத்தில் ஏறிய பிறகு, பயணிகள் காத்திருக்கும் வாயிலருகே உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார்.

"ஏட்டி, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன். முன்சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கிட்டுக் கெளப்ப முடியுமா? யாருக்கும் தெரியாம."

"அப்பா! இங்க ஒரு ஆணி கீழ கிடந்தாலே விசாரணை வைப்பாங்கப்பா!"

"ஆணி வேற, எலுமிச்சம்பழம் வேற" என்றார் வருத்தத்தோடு.

கேப்டன் சோப்ரா நல்ல மனிதர். வேலையில் கறார், மற்ற நேரத்தில் அப்பாவி. 'உன் அப்பாவா, அச்சா, அச்சா' என்று அவரே வெளியே போய்க் கை குலுக்கிவிட்டு வந்தார். அப்பா அவரிடம், "சாப், லேண்டிங் மேரி பேட்டி கரேகி நா?" என்று ஏதோ ஒரு இந்தியில் கேட்டிருக்கிறார். என் மகள்தானே இறக்குவாள் என்று அர்த்தம். கேப்டன் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஏனென்றால், இறக்கப் போவது நான் இல்லை. அந்த விமான நிலையத்தில் துணை விமானிகள் இறக்கக் கூடாது, கேப்டன்தான் இறக்க வேண்டும் என்பது விதி. ஓடுபாதையின் ஒரு முனையில் குன்று. அதனால் பெரும்பாலும் கடல் பக்கமிருந்துதான் வந்து இறங்க வேண்டும். மற்ற ஊர்களில் காற்று எதிரே அடிக்கும் பக்கமாகப் பார்த்துத் திரும்பி இறங்குவோம். இங்கே காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும். (மாமியார் வீடு மாதிரி என்று கல்யாணமான தோழிகள் சொல்வார்கள்.) என் வேலை, வேகத்தையும் உயரத்தையும் பார்த்துப் பார்த்துச் சொல்வது. ஏதாவது சரியில்லை என்றால் 'கோ அரவுண்ட்' என்று குரல் கொடுப்பது. இறங்காதே, மேலே ஏறு என்று அதற்கு அர்த்தம். இரண்டு விமானிகளில் யார் சொன்னாலும், மற்றவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஏற்றியாக வேண்டும். வாக்குவாதமெல்லாம் தரைக்கு வந்த பிறகுதான்.

இதையெல்லாம் அப்பாவுக்கு நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. விளக்கினால் என் கெத்து குறைந்துவிடுமே.

பறக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் விமானப் பணிப்பெண் சீமா காபியோடு வந்தாள். "மேடம், உங்க அப்பா பன்னிரண்டாம் வரிசையில எல்லாருக்கும் உங்க ஸ்கூல் போட்டோ காட்டறார். அதுல நீங்க ரெட்டை ஜடையோட அழுதுட்டு இருக்கீங்க" என்று இந்தியில் சொன்னாள். கேப்டன் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்து வந்தபோது, "உங்களுக்கு மோர் இருந்தா குடுக்கச் சொன்னார். தூங்கிடாம ஓட்டச் சொன்னார்" என்றாள்.

கீழே இறங்க ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பயணிகளுக்கு அறிவிப்பு செய்யும் முறை வந்தது. என் நாக்கில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் சொன்னேன், இந்தியில் சொன்னேன். இன்று என் அப்பா இந்த விமானத்தில் வந்திருக்கிறார், பல வருஷத்துக்குப் பிறகு தன் அண்ணனைப் பார்க்கப் போகிறார் என்றேன். பிறகு தமிழில், "அப்பா, நீங்க சொன்னபடியே பெரியப்பா வீட்டு வாசல்ல உங்கள இறக்கி விடப் போறேன்" என்றேன். கதவுக்கு வெளியே கைதட்டல் கேட்டது. அப்பா எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிட்டாராம்.

முதல் தடவை நாங்கள் தரையை நெருங்கும்போதே கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன காற்றின் அளவு கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. விமானம் மாட்டு வண்டிபோல் ஆடியது. அவரே ஏற்றிவிட்டார். எஞ்சின்கள் உறும, குன்றைத் தாண்டி ஊருக்கு மேல் பறந்து கடலுக்குத் திரும்பினோம். அங்கே வட்டமடித்துக்கொண்டு காத்திருந்தோம். காற்று கொஞ்சம் தணிந்ததாகச் செய்தி வந்தது. கேப்டன் எரிபொருளைப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை முயற்சி செய்யலாம். அதற்கு மேல் முடியாது. பக்கத்தில் இறங்க வேறு இடம் கிடையாது, கடலைத் தாண்டிச் சென்னைக்குத்தான் போக வேண்டும், அதற்கு எண்ணெய் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை எல்லாம் அழகாக அமைந்தது. ஓடுபாதை நேர் எதிரே. மழை கூட விட்டிருந்தது. இதோ, இதோ என்று சக்கரம் தொடப்போகும் நேரத்தில் காற்று பின்பக்கமாகத் திரும்பித் தள்ளியது. விமானம் உட்கார மாட்டேன் என்று மிதந்துகொண்டே போனது. சக்கரம் தொட வேண்டிய இடம் எங்களுக்குக் கீழே நழுவிப் பின்னால் போவதைப் பார்த்தேன். மிச்சம் இருக்கும் பாதையில் நிறுத்த முடியலாம், முடியாமலும் போகலாம்.

அந்த ஒரு நொடியில் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேப்டன் சமாளித்து உட்கார வைத்துவிடுவார், வாயை மூடிக்கொண்டிரு என்று மனசு கெஞ்சியது. வாய் கேட்கவில்லை. "கோ அரவுண்ட்" என்று சொல்லிவிட்டது.

கேப்டன் அந்தக் கணமே ஏற்றினார். மறுபடி உறுமல், மறுபடி குன்று, மறுபடி ஊர். மேகத்துக்குள் போன பிறகு, "சஹி கியா, பேட்டா" என்றார். சரியாகத்தான் செய்தாய் என்று. நான் தலையாட்டிக்கொண்டே சென்னைக்கு வழி கேட்டேன்.

பின்னால் நடந்ததைச் சீமா பிற்பாடு சொன்னாள். அப்பாவுக்கு முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "அரே பையா, லேடி டிரைவர் ஹை, இசி லியே!" என்று, பொம்பளை ஓட்டுவதால்தான் இப்படி என்று கத்தியிருக்கிறார். அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, "கபர்தார்! அது வேற யாரோ செஞ்ச தப்பு. எம் புள்ளயா இருந்தா எறக்கியிருப்பா!" என்று இந்தியும் தமிழுமாகச் சண்டைக்குப் போயிருக்கிறார். இரண்டு பணிப்பெண்கள் சேர்ந்து அவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

சென்னையில் இறங்கி, பயணிகள் எல்லாம் போன பிறகு, அப்பா கடைசி ஆளாக விமானக் கதவருகில் நின்றார். கோட்டு வியர்வையில் ஊறியிருந்தது. கையில் சட்டைப் பை.

"யாரு தாயி திருப்பினது? அந்த சர்தாரா?" (கேப்டன் சோப்ரா சர்தார் இல்லை. அப்பாவுக்குப் பஞ்சாபிகள் எல்லாருமே சர்தார்.)

"நாந்தாம்ப்பா."

அப்பா என் தோளில் இருந்த கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

எல்லாப் பயணிகளுக்கும் மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். நானும் விடுப்பு வாங்கிக்கொண்டேன். விடிகாலையில் டெல்லியிலிருந்து கிளம்பிய அந்த முதல் விமானம் எந்தச் சிக்கலும் இல்லாமல் போய் இறங்கியிருந்தது. அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் நின்ற யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

விமான நிலையத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நான் வாங்கிக் கொடுத்த இட்லியை அப்பா பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாயில் போடவில்லை. சாயங்காலம் செல்வியின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அவள் அழுகையிலேயே தெரிந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டானா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அந்தக் கோட்டோடு, என் அப்பா சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதார். நான் யூனிபாரத்தில் இருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஏதோ விமான விபத்து என்று நினைத்து நின்று நின்று பார்த்தார்கள்.

நான் செய்தது சரி என்று கேப்டன் சொன்னார். அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, சரியாகச் செய்ததில் துளி ஆறுதல் இல்லை. என்னைப் பெற்றவருக்கும் அவரோடு பிறந்தவருக்கும் நடுவில் ஒரு வார்த்தையைச் சொல்லி நான் குறுக்கே விழுந்தேன் என்றுதான் இருந்தது.

மறுநாள் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பயணிகளாகப் போனோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விமானம் இறங்கியது. சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அப்பா சன்னலைப் பார்த்தபடி, "நேத்து வந்த காத்து இன்னிக்கு எங்க போயி தொலஞ்சுது?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சரோஜினி நகர்ச் சட்டை ஒன்றை அப்பா அண்ணனுக்குக் கோடியாகப் போட்டார். அப்பா மனசில் இருந்த அண்ணனுக்கு வாங்கியது அது. படுத்திருந்தவருக்குத் தொளதொளவென்று இருந்தது. தோள் பக்கம் மடித்து மடித்துச் சரி செய்துகொண்டே இருந்தார். அஸ்தியை அங்கேயே கடலில் கரைத்தோம்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது செல்வி என்னிடம், "அக்கா, உங்ககிட்ட சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். நாங்கள் இறங்க முடியாமல் திரும்பிய அன்று மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியில் பெரியப்பாவின் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். 'சித்தப்பா வாராவ, கோமதி அக்கா ஓட்டுத ப்ளேன்ல' என்று காலையிலிருந்தே சொல்லி வைத்திருந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு மேலேதான் நாங்கள் உறுமிக்கொண்டு போயிருக்கிறோம். சத்தம் கேட்டதும் பெரியப்பா கண்ணைத் திறந்திருக்கிறார்.

"வந்துட்டானா?" என்று கேட்டிருக்கிறார்.

"வந்துட்டாவப்பா, எறங்கப் போறாவ" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே உறுமல். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு பல நாளாகச் சிரிக்காத மனுஷன் சிரித்தாராம்.

"ரெண்டு சுத்து சுத்திட்டா, இன்னும் நிறுத்தத் தெரியலயே அவளுக்கு. நான் அப்பமே சொன்னேன், இந்தப் பய கேட்டானா?"

அதற்குப் பிறகு பேசவில்லை. தூங்கியவர் எழுந்திருக்கவும் இல்லை. தம்பி இறங்கிவிட்டான், வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

செல்வி இதைச் சொல்லி முடித்துவிட்டுப் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று எழுந்து போனேன். துண்டை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டும் இருந்தது. "கடைசி மூச்சு வரைக்கும் ஏசிட்டுத்தாம்ட்டி போயிருக்கான், எங்க அண்ணன்" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பாவே இந்தக் கதையைச் சொன்னார். டெல்லி திரும்பியதும் மாடி வீட்டுக்காரர்கள் வரைக்கும் சொன்னார். கிட்வாய் நகரில் காரை நிறுத்த இடம் கிடைப்பது லாட்டரிச் சீட்டு மாதிரி. நான் முன்னும் பின்னும் எடுத்துத் திணறும்போதெல்லாம் பால்கனியிலிருந்து பெரியப்பாவின் குரலில், அவருடைய இருமலையும் சேர்த்து, "நிறுத்தத் தெரியலயே அவளுக்கு! நான் அப்பமே சொன்னேன்!" என்று சத்தம் வரும். அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வாக்கியம் இதுதான். என் கல்யாண மேடையில் எத்தனை சுற்று என்று தெரியாமல் நான் கூட ஒரு சுற்று நடக்கப் போனபோதும் இதைச் சொன்னார். மண்டபமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, புடவைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

இப்போது நானும் கேப்டன். இடப்பக்கம் உட்காருகிறேன். அந்தமானில் நானே இறக்குகிறேன். பெரும்பாலும் நல்லபடியாகவே இறங்குகிறது. அப்பா அதற்குப் பிறகு என் விமானத்தில் ஏறியதில்லை, நான் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் அந்தமான் போகிறேன் என்று தெரிந்தால் கிளம்புவதற்கு முன்னால் போன் செய்வார். சாப்பிட்டியா, காத்து எப்படி இருக்கு என்பார். வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார். போன வாரமும் அதையேதான் சொன்னார்.

"முடிஞ்சா ஒரு சுத்து கூடச் சுத்திட்டு எறங்கு தாயி. அங்கன அவன் ஏச ஆளில்லாமக் கெடப்பான்."